ரெண்டு விரல் டைட்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் வீட்டில் பெயர் மரை. வைத்தது அப்பா. திருகாணியின் உடம்பைச் சுற்றி நெளிநெளியாக ஒரு கோடு ஓடுமே, அதுதான் மரை. அது தேய்ந்துபோனால் ஆணியை எந்தப் பக்கம் திருகினாலும் சும்மா சுற்றும், பிடிக்காது. மண்டைக்குள்ளேயும் அப்படிச் சுற்றுகிறவனை மரை கழண்ட கேஸ் என்பார்கள். அப்பா இரண்டு அர்த்தத்தையும் சேர்த்துத்தான் வைத்தார்.

முகத்துக்கு நேரே மட்டும் மாப்பிள்ளை. மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை, எதையும் தொட்டுடாதீங்க மாப்பிள்ளை" என்பார். 'ங்க' போட்டே ஒரு மனுஷனைத் தோலுரிக்க முடியும் என்பதை அப்பாவிடம்தான் பார்த்தேன்.

நான் அவரை மாமா என்பேன். அவர் என் அப்பாவை மாமா என்பார். வீட்டில் யாராவது "மாமா" என்று கத்தினால் அவர் திரும்புவார், சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்ப்பாள், அப்பா பேப்பரைத் தாழ்த்துவார். அப்புறம் இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிவரும். அது இரண்டு பேருக்கும் பிடிக்காது. அதற்காகவே நான் சும்மா கத்துவதுண்டு.

மாமாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கடை முன்னால் சிரித்துக்கொண்டு பிரேம் காட்டுகிற வேலை இல்லை. பின்னறையில், ஒரு விளக்குக்கு அடியில், பதினோரு வருஷமாக அடுத்தவர்களின் மூக்குக் கண்ணாடிக்குக் கால் மாட்டுகிற வேலை. அவர் கையாளும் திருகாணி எள்ளை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மேஜையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே அதில் வைப்பார். மறுபடி மாட்டும்போது துணி காலியாக வேண்டும். ஒன்று மிஞ்சினால் யாரோ ஒருவருடைய கண்ணாடி நடுத்தெருவில் கழன்று விழப்போகிறது என்று அர்த்தம். ஆணியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து முறுக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு மயிரிழை போனாலும் மரை போய்விடும். இதற்கு அவர் வைத்த பெயர் 'ரெண்டு விரல் டைட்'. இதை ஒரு பெரிய ஞானம் மாதிரி சொல்வார்.

அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். பஸ் சக்கரத்து நட்டைக் கழற்ற, நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி அதன் மேல் ஏறி நின்று குதிப்பார். எள்ளு ஆணி முறுக்குகிற ஆளும் குழாய் மேல் குதிக்கிற ஆளும் ஒரே குளியலறையைப் பங்குபோட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான புதிதில் மாமா வாடகைக்குப் பார்த்த வீடு கடைசி நேரத்தில் கைவிட்டுப்போனது. "ஒரு மாசம்தான்" என்று பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. வீட்டோட மாப்பிள்ளை என்ற சொல்லை அப்பா நேராகச் சொன்னதே இல்லை. போனில் யாராவது கேட்டால், "ஆமா, இங்கதான் இருக்கார். எங்க போவார்?" என்று கொஞ்சம் உரக்கச் சொல்வார்.

வீட்டில் இரண்டே அறை. பெரிய அறையின் குறுக்கே பீரோவை நிறுத்தி அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். பீரோவின் முதுகு என் பக்கம். அவர்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தால் முதுகில் டொக் டொக் என்று தட்டி, "பீரோ உள்ள யாரு?" என்பேன். அக்கா திட்டுவாள். மாமா திட்ட மாட்டார். "வாலு, தூங்கு" என்பார். அவர் சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, சித்தப்பா வீட்டு நடுக்கூடத்தில் பாய் போட்டு வளர்ந்தவர். அப்புறம் விடுதியில் எட்டுப் பேரோடு ஒரு அறை, அப்புறம் கடை மாடியில் மூன்று பேரோடு ஒரு அறை, அப்புறம் எங்கள் பீரோ. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற ஓர் அறையில் அந்த மனுஷன் முப்பத்தொரு வயது வரை படுத்ததில்லை. இதை அக்காதான் ஒருநாள் என்னிடம் சொன்னாள். அதற்கப்புறமும் நான் தட்டினேன். எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தேன்.

இந்த வருஷம் கண்ணாடிக் கடை முதலாளி ஒரு திட்டம் போட்டார். தூரத்து ஊர்களில் இருக்கிற ஆலைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் நேரில் போய்க் கண் பார்த்து, கண்ணாடி கொடுத்துவிட்டு வர ஓர் ஆள் வேண்டும். சொந்தக் கார் உள்ள ஆளாக இருக்க வேண்டும். அந்த ஆளுக்குக் கிளைக் கடையின் மாடியில் இரண்டு அறை வீடு. தாழ்ப்பாள் உண்டு.

அப்படித்தான் அந்தக் கார் வந்தது. பதினெட்டு வயசு. ஒரு காலத்தில் சிவப்பு. வெயில் தின்றது போக மிச்சம் இருந்த நிறத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மாமா அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிட்டார். மெக்கானிக்கின் வீட்டு வாசலில், மெக்கானிக்கைக் கேட்காமல் ஒரு கார். அப்பா பால்கனியில் நின்று அதை மேலிருந்து கீழே பார்த்தார். "நல்லா இருக்கு மாப்பிள்ளை. எங்க புதைக்கப் போறீங்க?" என்றார். "என் கை அது மேல படாது. இப்பவே சொல்லிட்டேன்."

"படவே வேண்டாம் மாமா. நானே பார்த்துக்கறேன்" என்றார் மாமா. அதுவும் ஒரு கர்வம்தான்.

வண்டிக்கு வருஷாந்திர டெஸ்ட்டின் கெடு முடிந்து நாளாகியிருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை மைதானத்தில் வண்டியைக் காட்டி, பாஸ் என்ற தாளை வெள்ளிக்கிழமைக்குள் முதலாளியிடம் கொடுத்தால் வேலையும் வீடும் மாமாவுக்கு. இல்லையென்றால் கடையில் முன்பக்கம் சிரிக்கிற ஆளுக்கு. அவனிடம் நல்ல கார் இருந்தது. நடுவில் மூன்று வாரம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முன்கண்ணாடி கழுவுகிற தண்ணீர் வராததைக் கண்டுபிடித்தார். கண்ணாடி என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடையிலிருந்து லென்ஸ் துடைக்கிற சோப்புத் திரவம் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். பானெட்டைத் திறந்தால் தண்ணீர் ஊற்றுகிற டப்பா இரண்டு பக்கத்துப் பக்கத்தில். ஒன்று கண்ணாடி கழுவ, இன்னொன்று இன்ஜின் சூட்டைத் தணிக்க. மாமா இன்ஜினுக்குக் கண்ணாடித் திரவம் ஊற்றினார். நாலாவது சிக்னலில் வண்டி நுரை கக்கியது. பானெட் இடுக்கிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பொங்கி, முன்னால் நின்ற ஆள் ஸ்கூட்டரோடு தள்ளிப்போய் நின்றுகொண்டாராம். அக்கா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

"துணி ஏதாவது இருந்தா போட்டுருக்கலாமே மாப்பிள்ளை" என்றார் அப்பா. "துவைச்சுக் குடுத்துருக்கும்."

நானும் சிரித்தேன். ஒரு வாரம் அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் கதவுக்கு வெளியே நின்று, "மாமா, எந்த டப்பாவுல ஊத்தறீங்க?" என்று கேட்டேன்.

இரண்டாவது ஞாயிறு நடந்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை. முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி டயர் மாற்றினார். வெள்ளைத் துணி விரித்து, நாலு நட்டையும் வரிசையாக வைத்து, வரிசையாக மாட்டி, அந்த ரெண்டு விரல் டைட் வைத்தார். காரின் சக்கரத்துக்கு. மரை போய்விடக் கூடாதே என்று. அப்புறம் அக்காவைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். போகிற வழியில் டக் டக் என்று சத்தம். "ரோடு சரியில்லை" என்றாராம். கொஞ்ச தூரத்தில் சக்கரத்தை மூடுகிற பிளாஸ்டிக் தட்டு கழன்று, காரை முந்திக்கொண்டு முன்னால் உருண்டு ஓடியது. பழக்கடைக்காரர் ஒருவர் அதைக் காலால் மிதித்து நிறுத்திவிட்டு, "நிறுத்துய்யா! சக்கரம் டான்ஸ் ஆடுது!" என்று கத்தினார். நாலு நட்டில் ஒன்று போயே போய்விட்டது. மற்ற மூன்றும் விரலால் தொட்டாலே சுற்றின.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா 'ங்க'வை விட்டுவிட்டார்.

"நீ என்ன மனுஷன்? உள்ள என் பொண்ணு உட்கார்ந்திருக்கா. சக்கரம் கழண்டிருந்தா?"

மாமா தலையைத் தூக்கவில்லை. "தப்புதான் மாமா."

"தப்பா? அது கண்ணாடிக் காலா? உனக்கு எதுக்கு வண்டி? மரை கழண்டவனே!"

அந்த 'நீ' அவருக்கு எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. மூன்றாவது ஞாயிறு இன்ஜின் ஆயில் மாற்றும்போது, பக்கத்துப் பட்டறையில் ஒரு குழாய் இரவல் வாங்கி வந்து, வண்டிக்கு அடியில் படுத்து, அப்பா மாதிரியே முழு பலத்தையும் போட்டு முறுக்கினார். படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் இடம் வலமாகத் தெரியும், வலம் இடமாகத் தெரியும். முதலில் கழற்ற வேண்டியதை முறுக்கினார், அப்புறம் முறுக்க வேண்டியதை முறுக்கிக்கொண்டே இருந்தார். க்ளக் என்று ஒரு சத்தம். அடியில் இருக்கிற ஆயில் போல்ட்டின் மரை நிஜமாகவே போய்விட்டது. புது ஆயில் அவர் சட்டைப் பைக்குள் சொட்டியது. பெயர் நிலைத்தது அன்றைக்குத்தான்.

ஆனால் விட்டாரா? இல்லை. ஒரு சைஸ் பெரிய போல்ட் வாங்கி, ஓட்டைக்குப் புது மரை போட்டு, கீழே செய்தித்தாள் விரித்து இரண்டு நாள் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து முன்சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் பேடு மாட்டினார். உலோகப் பக்கம் உள்ளேயா வெளியேயா என்று மூன்று தடவை கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டினார். இருட்டுவதற்குள் வெள்ளைத் துணி காலி. புதன்கிழமை லீவு போட்டிருந்தார், சும்மா துடைத்து வைக்க.

செவ்வாய் ராத்திரி படுத்த பிறகு பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு கேட்டது. அக்கா திரைச்சீலைக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டு ஜன்னல்ல ஒண்ணு கிழக்க. கட்டிலை அங்க போடக் கூடாது, மூஞ்சில வெயிலடிக்கும்." மாமா என்னமோ சொன்னார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிக்கிற சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை. நான் தட்டவும் இல்லை.

அக்கா என்னை விட ஒன்பது வயது மூத்தவள். எனக்குத் தலை வாரிவிட்டது, கணக்கில் இரண்டு தடவை பெயிலானபோது அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றது, எல்லாம் அவள்தான். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்துக்கு அவளைக் கூட்டிப்போகப் போகிறது அந்தத் துருப்பிடித்த வண்டி.

காலையில் பால் வாங்கப் போகும்போது அப்பா பழைய நட்டு போல்ட் போட்டு வைக்கிற தகர டப்பாவிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்தேன். கீழே காருக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை விரித்தேன். நடுவில் வைத்தேன். பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்டு மணிக்கு மாமா கீழே போனார். பால்கனியில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருந்தார், அன்றைக்கு அவருக்கும் வார விடுமுறை. நான் கம்பிக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். மாமா துணியைப் பார்த்தார். குனிந்து போல்ட்டை எடுத்தார். அவர் முகத்திலிருந்து யாரோ ரத்தத்தை உறிஞ்சி எடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, மிச்சம் வந்துடுச்சா?" என்றார் அப்பா.

மாமா மேலே பார்க்கவில்லை. ஜாக்கியை எடுத்து வண்டியைத் தூக்கினார். வலது சக்கரத்தைக் கழற்றினார். பிரேக்கைக் கழற்றினார். ஒவ்வொரு ஓட்டையிலும் அந்த போல்ட்டை வைத்துப் பார்த்தார். அப்புறம் இடது பக்கம். அப்புறம் அடியில் இருந்த தகட்டை, பேட்டரித் தாங்கியை, முன் பம்பரைப் பிடித்திருக்கிற பட்டையை. பன்னிரண்டு மணிக்கு வண்டி கறிக்கடையில் தொங்குகிற ஆடு மாதிரி இருந்தது. வெள்ளைத் துணி போதாமல் அக்காவின் பழைய புடவையைக் கேட்டு வாங்கி விரித்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை.

எனக்குச் சிரிப்பு பத்து மணிக்கே நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் பதறவிட்டு "ஏமாந்தீங்களா" என்று சொல்வதாகத்தான் இருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நேரத்துக்கு மாட்டிவிடுவார், நாளைக்குப் பாஸாகிவிடும் என்று ஒரு பக்கம் தோன்றியது. அதை நினைத்து இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அப்போதுதான் அப்பாவைக் கவனித்தேன். அவர் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. குடிக்கவில்லை. கண் மாமாவின் கையில் இருந்த போல்ட் மேலேயே இருந்தது. திடீரென்று எனக்கு உறைத்தது. முப்பது வருஷம் டெப்போவில் இருந்த மனுஷன். அது பஸ் போல்ட். மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும். அவர் டப்பாவிலிருந்து போனது, அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரே திருட்டில் மாட்டிய இரண்டு பேர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

நாலு மணிக்கு அம்மா என் கையில் டம்ளரைக் கொடுத்து, "போய்க் குடு, காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல" என்று அனுப்பினாள். மாமா தரையில் உட்கார்ந்து, கடையில் பயன்படுத்துகிற சின்னப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகி, போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுமா தேடறீங்க?" என்றேன்.

"எதுலயும் போகல. மரையே வேற மாதிரி இருக்கு."

"அப்ப இது இந்த வண்டியோடது இல்லன்னு தூக்கிப் போட வேண்டியதுதானே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பூதக்கண்ணாடிக்குள் ஒரு கண் மட்டும் ரொம்பப் பெரிதாக இருந்தது. "எந்த ஓட்டையிலயும் போகாத போல்ட் ஒண்ணு மிச்சம் வந்திருக்குன்னா, நான் பார்க்காத ஓட்டை ஒண்ணு இருக்குன்னுதானே அர்த்தம்? நான் பார்க்காம விடற ஆளுதானே."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினார். போல்ட் தப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மூன்று வாரமாக நானும் அப்பாவும் சேர்ந்து அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம்.

"அது பஸ் போல்ட் மாமா" என்றேன். "நான்தான் வச்சேன்."

டீயை வாங்கிக் கீழே வைத்தார். கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. எழுந்து, போல்ட்டை எடுத்துக்கொண்டு, கரிக்கையோடு மாடிப்படி ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அப்பாவின் நாற்காலிக் கையில் போல்ட்டை டொக் என்று வைத்தார். "உங்களுது."

"ஆமா" என்றார் அப்பா.

"காலையிலயே பார்த்தீங்களா மாமா?"

"பார்த்தேன்."

"எட்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும்?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. உங்க கடைக்கு வரவேண்டிய அவசியமில்ல."

"மூணு வருஷமா உங்க வாயை மட்டும்தான் தாங்கிட்டிருந்தேன். நீங்க வாயை மூடினா இன்னும் மோசம்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார் மாமா. அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

அக்கா வந்து நின்றாள். ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துகொண்டாள். "ஏம்ப்பா, நான் போகக் கூடாதுன்னா வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"போகாதேன்னா இருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீங்க உள்ள போங்க" என்றாள். என்னை. வாடி போடி என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய வாய். அந்த 'ங்க'வுக்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

மாமா திரும்பிக் கீழே போனார். பொழுது சாய இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே போய், வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். சக்கரத்துக்கு வந்ததும் மாமா நின்றார். ரெண்டு விரலும் சரியில்லை, குழாயும் சரியில்லை. டயர் கடைக்காரருக்குப் போன் போட்டு, சக்கர நட்டை எவ்வளவு பலத்தோடு முறுக்க வேண்டும் என்று கேட்டார். ஸ்பேனரை அளவு டேப்பால் அளந்தார். செய்தித்தாள் ஓரத்தில் கணக்குப் போட்டார். அப்புறம் மேலே வந்து சமையலறைக்குள் போய், இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஸ்பேனரை நட்டில் மாட்டி, படுக்கை வாட்டத்தில் நிறுத்தி, அதன் நுனியில் மூட்டையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். மூட்டை மெதுவாக இறங்கி நின்றது. "அவ்வளவுதான். இது சரி" என்றார் அக்காவிடம். அடுத்த நட்டு. அதற்கடுத்தது.

"அரிசில ஆயில் படாம பார்த்துக்குங்க மாப்பிள்ளை" என்று அம்மா மேலிருந்து கத்தினாள்.

மூன்றாவது நட்டுக்கு மூட்டை தொங்கும்போது அப்பா எழுந்தார். உள்ளே போய்த் தன் நீளக் குழாயை எடுத்துக்கொண்டு படியில் நாலு படி இறங்கினார். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேண்டாம் மாமா" என்றார். அப்பா அந்த நாலு படியையும் திரும்ப ஏறினார். ஏற ரொம்ப நேரம் ஆனது.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, மாமா எப்போதும் போட்டிருக்கும் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. எங்கே கழற்றி வைத்தார் என்று தெரியவில்லை. யாரும் என்னைத் தேடச் சொல்லவில்லை. நானே தேடினேன், கிடைக்கவில்லை. என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள், அதில் தப்பும் இல்லை. வியாழன் காலையில் ஒரு கால் தளர்ந்த பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்காவோடு கிளம்பினார். என்னைக் கூப்பிடவில்லை. நான் பஸ் பிடித்துப் போய் மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன்.

சோதனைக்காரர் கட்டையாக, கையில் அட்டையோடு இருந்தார். சிரிக்கிற முகம் இல்லை. விளக்கு, ஹாரன், ஸ்டியரிங் பார்த்தார். வண்டியை வேகமாக ஓட்டச் சொல்லிக் கையைத் தூக்கினார். மாமா பிரேக்கை மிதித்தார். கார் கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். சொட்டு இல்லை. அப்புறம் பானெட்டைத் திறக்கச் சொன்னார். மாமா பதற்றத்தில் முதலில் டிக்கியைத் திறந்தார், அடுத்து பெட்ரோல் மூடியைத் திறந்தார், மூன்றாவதாகத்தான் பானெட். சோதனைக்காரர் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில் மாமாவின் மூக்குக் கண்ணாடி. பேட்டரி மேல் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறது. ஒரு கால் சூட்டில் வளைந்து கேள்விக்குறி மாதிரி நின்றது.

"இது வண்டியோட பாகமா, உங்களோடதா?"

"என்னுது சார்."

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

மாமா தரையைப் பார்த்தார். "கண்ணாடிக் கடை சார்."

வரிசையில் பின்னால் நின்ற டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சோதனைக்காரர் சிரிக்காமல் அட்டையில் எதையோ எழுதி, சீல் குத்தி, தாளைக் கிழித்து நீட்டினார். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விசிலடிக்க வந்தது. அடிக்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பத்து நாளில் கிளம்பினார்கள். காருக்குள் மெத்தை, பாத்திரம், தையல் மெஷின் எல்லாம் திணித்தது போக அக்கா உட்கார ஓர் ஓரம்தான் மிச்சம். அப்பா அன்றைக்குக் காலையில் குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை. மாமா குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்று, "போய்ட்டு வரோம் மாமா" என்றார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "ஏதாவது உடைஞ்சா எனக்குப் போன் பண்ணாதீங்க" என்று குரல் வந்தது.

"பண்ண மாட்டேன் மாமா."

தண்ணீர் மறுபடி கொட்ட ஆரம்பித்தது.

அக்கா அந்தப் பத்து நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். மாமா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, நான் வாசலில் நிற்பதைப் பார்த்தார்.

"உன்னை வான்னு கூப்பிட மாட்டேன்" என்றார். "நீயா வந்தா கதவைத் திறப்பேன். ஆனா பையை வெளியிலயே கொட்டிக் காட்டணும்."

"தாழ்ப்பாள் போட்டிருப்பீங்களே?"

"போட்டிருப்பேன். தட்டு."

வண்டி முதல் தடவையிலேயே கிளம்பியது. தெருமுனையில் இடது பக்கம் கைகாட்டி விளக்கைப் போட்டுவிட்டு வலது பக்கம் திரும்பியது.

பீரோவை இப்போது சுவரோரம் தள்ளிவிட்டோம். அறை முழுக்க எனக்குத்தான். அவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பா என்னிடம் பேசுகிறார், போல்ட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அக்கா அம்மாவுக்குப் போன் செய்கிறாள். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தெரிந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். ரெண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது பஸ் மணிக்கு ஒன்றுதான். விசாரித்து வைத்திருக்கிறேன். இன்னும் போகவில்லை.